பீரோ நிறைய துணி, உடுத்தத்தான் ஒன்றுமில்லை

வாசகர் கேள்வி, அக்கா பதில்

நம் மொரிஷியஸில் இருந்து இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் துணிமணி பற்றியவைதான் அதிகம். வருடக் கடைசி வருகிறது, போனஸ் வருகிறது, வேறென்ன காரணம் இருக்கப் போகிறது. முதல் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கியூர்பிப் வாசகி): அக்கா, எனக்கு வயது 41. வீடு கியூர்பிப்பில், வேலை போர்ட் லூயியில். பீரோவில் துணி வைக்க இடமில்லை, ஆனாலும் காலையில் அதே மூன்று நான்கு குர்தி மேல்தான் கை போகிறது. ஞாயிற்றுக்கிழமை காத்ர் போர்ன் சந்தைக்குப் போனால் எதையாவது வாங்காமல் திரும்புவதில்லை. இனிமேல் துணியே வாங்குவதில்லை என்று முடிவெடுத்தால் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம், எதை நிறுத்துவது என்று மட்டும் எப்படி முடிவு செய்வது?

பதில்: சரியான கேள்வி, தங்கச்சி. மொத்தமாக நிறுத்துகிறேன் என்பவர்கள் நவம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு டிசம்பரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குவார்கள். அந்த வழி வேண்டாம்.

முதலில் பீரோவைத் திறக்காதீர்கள், அழுக்குக் கூடையைப் பாருங்கள். துவைக்கப் போடுகிற துணிதான் நீங்கள் உண்மையில் உடுத்துகிற துணி. துவைத்துத் தேய்த்த துணியை எப்போதும் பீரோவின் வலது ஓரத்திலேயே மாட்டி வாருங்கள், கொஞ்ச நாளில் உடுத்தாததெல்லாம் தானாக இடது பக்கம் ஒதுங்கிவிடும். வெயில் காலத்துத் துணியை வெயில் காலத்திலும் குளிர் காலத்துத் துணியை ஜூலை ஆகஸ்டிலும் பார்த்தால்தான் நியாயம், அதனால் அவசரம் வேண்டாம்.

அப்புறம் அந்த இடது பக்கத்துத் துணியை ஒவ்வொன்றாகக் கட்டிலில் போட்டு, இதை ஏன் நான் உடுத்துவதில்லை என்று கேளுங்கள். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். “எனக்கு இது பிடிக்கவில்லை”, “இந்தப் பச்சை எனக்கு ஒத்துவரவில்லை” என்று சொல்லி மூட்டை கட்டிவிட்டால் அடுத்த மாதம் அதே குறையுள்ள இன்னொரு துணி நீல நிறத்தில் வீட்டுக்கு வரும். துணியின் பெயரைச் சொல்லாதீர்கள், குறையின் பெயரைச் சொல்லுங்கள். “ஜார்ஜெட், உள்ளே தனியாக ஸ்லிப் போட வேண்டியிருக்கிறது, கையிடுக்கில் பிடிக்கிறது, மத்தியானத்துக்குள் வியர்வை நாற்றம் வருகிறது” என்று அவ்வளவு விவரமாக வரட்டும். ஒரே குறை இரண்டு மூன்று துணியில் வந்துவிட்டதா, நீங்கள் வாங்குவதை நிறுத்த வேண்டியது அதைத்தான். பச்சை குர்தியை நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது, உள்துணி (லைனிங்) இல்லாத பாலியஸ்டர் ஜார்ஜெட்டை நிறுத்தினால் சந்தையில் பாதிக் கடையைப் பார்க்காமலே கடந்து போய்விடலாம்.

உங்கள் ஊரையும் வேலையையும் வைத்து, எந்தக் குறைகள் வரும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம், போர்ட் லூயி கடலோரம். காலையில் மேலே சிலுசிலுவென்று கிளம்பி, குளிர்சாதனம் போட்ட மெட்ரோவில் உட்கார்ந்து, கீழே இறங்கினால் முகத்தில் அடிக்கிற வெக்கை, அப்புறம் அலுவலகத்தில் மறுபடியும் ஏசி. ஒரே நாளில் இத்தனை மாறுதல் இருக்கும்போது கனமான ஒற்றைத் துணி எதுவும் உங்களுக்கு உதவாது. குளிர்காலத் தள்ளுபடியில் உள்துணி வைத்துத் தைத்த கோட்டு பார்க்க ஜோராக இருக்கும், வருடத்தில் எத்தனை காலை அதைப் போடுவீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதை நிறுத்திவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைக்கிற மாதிரி மெல்லிய கம்பளி அல்லது காட்டன் கார்டிகன் ஒன்று நல்லதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதே இல்லை: துவைத்தால் எத்தனை நாளில் காயும்? கியூர்பிப் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடித்த ஜீன்ஸைக் குளிர்காலத்தில் துவைத்துப் பாருங்கள், இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் மூன்றாம் நாளும் ஈரமாக இருக்கும், கடைசியில் ஒரு புழுங்கல் வாடை வந்து மறுபடி துவைக்க வேண்டியதாகிவிடும். அதனாலேயே அந்த ஜீன்ஸைப் போடாமல் விட்டிருப்பீர்கள், காரணம் உங்களுக்கே தெரிந்திருக்காது. கடலோரத்தில் இருக்கிற உங்கள் அக்கா தங்கைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அவர்களைப் பார்த்து நீங்கள் வாங்கக் கூடாது. ரேயானும் அப்படித்தான், கடையில் தொட்டால் வழவழவென்று இருக்கும், ஆனால் தண்ணீரில் நனைந்தால் அந்த நூல் கிட்டத்தட்டப் பாதி வலுவை இழக்கும். முறுக்கிப் பிழிந்து காயப்போடுகிறவர்களுக்கு, அதுவும் அடிக்கடி துவைக்கிறவர்களுக்கு, அது சரிப்படாது.

செயற்கைத் தோலை யோசிக்கவே வேண்டாம், நிறுத்திவிடுங்கள். ஜாக்கெட், பெல்ட், கைப்பை எதுவானாலும் சரி. போடாமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தது எப்படி உரியும் என்று பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். துணியின் மேல் பூசியிருக்கிற பாலியூரித்தேனைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்ல உடைத்துவிடும், நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும். நம் தீவு மாதிரி ஈரமான இடத்தில் அது சீக்கிரம் நடக்கும். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் மடிப்பில் கறுப்புத் தூள் தூளாக உதிரும், பக்கத்தில் இருக்கிற வெள்ளைச் சட்டையிலும் ஒட்டும். ஒட்டவைக்க வழி கிடையாது.

அடுத்த வகை, இன்னொன்றை வாங்கினால்தான் உடுத்த முடிகிற துணி. புடவை அழகு, ஆனால் பிளவுஸ் தைக்க வேண்டும், ஃபால்ஸ் வைக்க வேண்டும், அதே நிறத்தில் உள்பாவாடை தேட வேண்டும். இந்த வேலையைச் செய்து தர ஊரில் நல்ல தையற்காரர் இருக்கிறாரா, அவரிடம் கொடுத்தால் எப்போது கைக்கு வரும் என்று தெரிந்தால் வாங்குங்கள். பிளவுஸ் துணி வெட்டாமலே இருக்கிற புடவை உங்கள் பீரோவில் இரண்டு இருந்தால், அவற்றை முடிக்கும்வரை மூன்றாவது கிடையாது. விலை எவ்வளவு குறைத்தாலும் கிடையாது.

இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வாங்குவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

நிறுத்துகிற பட்டியலை எப்போது எழுதுவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. நம் நாட்டில் வருடக் கடைசி போனஸ் சட்டப்படி வருகிறது, அதன் பெரும்பகுதி கிறிஸ்துமஸுக்கு முன்பே கையில் இருக்கும், கடைக்காரர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். பணம் வந்த பிறகு எழுதுகிற பட்டியல் நிற்காது. நவம்பரிலேயே எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக வேண்டாம், நான்கு வரி போதும். சந்தையில் ஒன்றைக் கையில் எடுத்ததும் அந்த நான்கு வரியில் இது வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அழகாக இருக்கிறதா, மலிவா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கடைசியாக, வாங்குவதை நிறுத்துவதும் இருப்பதைக் கொடுத்துவிடுவதும் வேறு வேறு வேலை. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். பீரோ காலியானால் அந்த இடத்தைப் பார்த்ததும் நிரப்பத் தோன்றும். நீங்கள் திரும்பத் திரும்பப் போடுகிற அந்த மூன்று நான்கு குர்தி இருக்கிறதே, அதே வெட்டில் அதே துணியில் இன்னும் இரண்டு தைத்துக்கொள்ளுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி (ரோஸ் ஹில் வாசகர்): ஃபேக்டரி கடையில் டி-ஷர்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வாங்கி அடுக்கிவிட்டேன். மனைவி இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்கிறாள். ஏற்றுமதித் தரம்தானே, இதில் என்ன தப்பு?

பதில்: கடையில் தப்பில்லை ஐயா. 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்ததிலிருந்து நம் நாடு உலகத்துக்கே சட்டை தைத்துக் கொடுத்த நாடு. 2005 தொடக்கத்தில் எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று உலக நாடுகளுக்கு இடையே இருந்த ஒதுக்கீட்டு முறை முடிந்தபோது பல ஆலைகள் மூடின, மிச்சமிருப்பவை இன்றும் நல்ல சரக்குத்தான் தைக்கின்றன. ஆனால் ஃபேக்டரி கடைக்கு வருவதில் இரண்டு ரகம் உண்டு. ஆர்டருக்கு மேல் கூடுதலாகத் தைத்தது ஒன்று, பரிசோதனையில் தள்ளியது இன்னொன்று. இரண்டும் ஒரே கூடையில் கிடக்கும், விலையும் ஒன்றாக இருக்கும்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, தோளோடு தோள் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் இரண்டும் நேராகக் கீழே இறங்க வேண்டும். ஒன்று வயிற்றுப் பக்கம் திரும்பினால் அதைக் கீழே வையுங்கள், இரண்டு முறை துவைத்ததும் தையல் தொப்புளுக்கு வந்துவிடும். நூலின் முறுக்கு சரியில்லாத பின்னல் துணியில் வருகிற கோளாறு அது, இஸ்திரியால் போகாது. கழுத்துப் பட்டியையும் இழுத்து விட்டுப் பாருங்கள், உடனே பழைய வடிவத்துக்கு வர வேண்டும்.

ஆக, நீங்கள் நிறுத்த வேண்டியது கடைக்குப் போவதை இல்லை, மடித்துப் பார்க்காமல் கட்டுக் கட்டாக எடுப்பதை. மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எத்தனை டி-ஷர்ட் ஐயா ஒரு மனிதருக்கு.

கேள்வி (த்ரியோலே வாசகி): தைப்பூசக் காவடிக்கு ஒவ்வொரு வருடமும் ராணிப் பிங்க்கில் புதுப் புடவை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன வருடத்துப் புடவை புதிது போலவே இருக்கிறது. இந்த வருடம் எடுக்காவிட்டால் குறையாகுமா? மாமியார் முகம் சுளிக்கிறார்.

பதில்: விரதம் இருந்தீர்களா, மனம் சுத்தமாக இருந்ததா என்பதைத்தான் முருகன் பார்ப்பான், கடை ரசீதைப் பார்க்க மாட்டான். துவைத்துத் தனியாக எடுத்துவைத்து, காவடிக்கு மட்டும் உடுத்துகிற புடவைக்கு என்ன குறை வந்துவிடும்? மாமியாரிடம் அப்படியே சொல்லுங்கள்: இதை வேறு எதற்கும் உடுத்தவில்லை அத்தை, சாமிக்கென்றே வைத்திருக்கிறேன் என்று. எதிர்த்துப் பேசியதாகவும் ஆகாது.

புதிது எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு விஷயத்தை நிறுத்துங்கள், பளபளக்கிற பாலியஸ்டரை. தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது, நமக்கு அது உச்ச வெயில் காலம். குளித்து ஈரத்தோடு கிளம்பி, தார் ரோட்டில் பால்குடத்தோடு மணிக்கணக்கில் நடக்கும்போது அது உடம்போடு ஒட்டிக்கொண்டு காற்றே விடாது. காட்டன் எடுங்கள். அடர்த்தியான பிங்க் சாயம் முதல் சில துவையலில் இறங்கும், வேட்டியோடு சேர்த்து ஊறவைத்துவிடாதீர்கள். வீட்டு ஆண்கள் ஏற்கெனவே பிங்க்கில்தான் நடக்கிறார்கள், ஆபீஸ் சட்டையும் பிங்க் ஆக வேண்டியதில்லை.

கேள்வி (ஃப்ளாக் வாசகி): அளவுச் சீட்டில் 40 என்று போட்டிருந்ததை வாங்கினேன், பொருந்தியது. இன்னொரு கடையில் அதே 40 தொளதொளவென்று இருக்கிறது. ஆன்லைனில் வாங்கியது இன்னும் மோசம். நான் என்னதான் அளவு?

பதில்: நீங்கள் மாறவில்லை, சீட்டு மாறியிருக்கிறது. பிரெஞ்சு அளவில் 40 என்றால் பிரிட்டிஷ் அளவில் 12, ஜெர்மன் அளவில் 38. நம் கடைகளில் பிரான்ஸுக்குத் தைத்தது, இங்கிலாந்துக்குத் தைத்தது, இந்தியாவிலிருந்து வந்தது எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஜெர்மன் சீட்டுள்ள 40 பிரெஞ்சு 42-க்குச் சமம், அதனால்தான் தொளதொள.

நம்பரை விட்டுவிடுங்கள். உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு குர்தியைத் தரையில் விரித்து, கையிடுக்குக்குக் கை, தோளுக்குத் தோள், நீளம் மூன்றையும் டேப்பில் அளந்து சென்டிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் துணியின் அளவைச் சென்டிமீட்டரில் போடாமல் வெறும் எஸ், எம், எல் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். சென்டிமீட்டரில் போட்டிருந்தாலும் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், கடல் தாண்டிப் போக வேண்டிய பார்சல் என்றால் அது அநேகமாக உங்கள் தலையில்தான் விழும்.