ஆர்டுயினோ வழியாக ஜி.பி.எஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நியோ-6எம் என்ற ஜி.பி.எஸ் மாட்யூலை, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறிய நிரல் போர்டு மூலம் கணினியோடு இணைப்பது பற்றியவை. அதனால் எல்லாப் பதில்களையும் அந்த ஜோடியை வைத்தே சொல்கிறேன்.

ஜி.பி.எஸ் மாட்யூலின் டி.எக்ஸ் (தகவல் அனுப்பும்) ஒயரை ஊனோவின் 0-வது பின்னில் கொடுத்தேன். அதன் பிறகு ஸ்கெட்ச் (ஆர்டுயினோ நிரல்) ஏறவே மாட்டேன் என்கிறது. போர்டு போய்விட்டதா?

போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. 0, 1 ஆகிய இரண்டு பின்களும் போர்டில் உள்ள யு.எஸ்.பி சிப்போடு ஏற்கெனவே இணைந்தவை. கணினி அனுப்புவது 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 0-வது பின்னுக்கு வருகிறது. உங்கள் ஜி.பி.எஸ்ஸோ நேரடியாக அங்கே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் ஜி.பி.எஸ் குரல்தான் எடுபடும், ஸ்கெட்ச் ஏறாது. ஒயரைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் 4-வது பின்னுக்கு மாற்றி, சாஃப்ட்வேர்சீரியல் என்ற நிரல் நூலகம் மூலம் 9600 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வேகத்தில் படியுங்கள்.

நிரல் எதுவும் எழுதாமல் ஊனோவை வெறும் பாலமாகப் பயன்படுத்த முடியுமா?

முடியும். ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு இணைத்துவிட்டால், நிரலை ஓட்டும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் ஒதுங்கிவிடும், யு.எஸ்.பி சிப் மட்டும் வேலை செய்யும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ஜி.பி.எஸ்ஸின் டி.எக்ஸ், போர்டில் டி.எக்ஸ் என்று எழுதிய 1-வது பின்னுக்கே போக வேண்டும். அந்த எழுத்துகள் மைக்ரோகன்ட்ரோலரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை; அது அனுப்பும் பின்னில்தான் யு.எஸ்.பி சிப் கேட்டுக்கொண்டிருக்கும். ஆர்டுயினோ மென்பொருளில் வந்த எழுத்துகளைக் காட்டும் சீரியல் மானிட்டரை 9600-ல் திறந்தால் ஜி.பி.எஸ் அனுப்பும் வரிகள் ஓட ஆரம்பிக்கும்.

வரிகள் பாதியில் அறுந்து வருகின்றன. மாட்யூலை மாற்ற வேண்டுமா?

முதலில் உங்கள் ஸ்கெட்சில் டிலே (காத்திருக்கச் சொல்லும் கட்டளை) இருக்கிறதா பாருங்கள். சாஃப்ட்வேர்சீரியல் தன் பையில் 64 எழுத்துகளை மட்டுமே வைத்திருக்கும். 9600 பாட் என்றால் நொடிக்கு 960 எழுத்துகள். அரை நொடி டிலே வைத்தால் அந்தப் பை நிரம்பி, மீதியெல்லாம் போய்விடும். இடத்தைச் சொல்லும் ஒரு ஜி.ஜி.ஏ வரியே பெரும்பாலும் 64 எழுத்தைத் தாண்டும். டிலேயை எடுத்துவிடுங்கள். கணினிப் பக்கத்து வேகத்தை 115200 ஆக்குங்கள். வந்த எழுத்தை வந்தபடியே கணினிக்குத் தள்ளிவிடுங்கள். பிரிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் கணினியின் வேலை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நட்சத்திரக் குறிக்குப் பின் வரும் செக்சம்மையும் (வரி முழுமையாக வந்ததா என்று பார்க்கும் எண்) அங்கேயே சரிபாருங்கள், அறுந்த வரி தானாக மாட்டிக்கொள்ளும்.

சென்னை சென்ட்ரல் அருகே எடுத்த அளவு, வரைபடத்தில் போரூர் பக்கம் காட்டுகிறது. இவ்வளவு பிழை வருமா?

ரிசீவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அட்சரேகை 1304.95 என்று வந்தால் அது 13.0495 டிகிரி இல்லை, 13 டிகிரி 4.95 நிமிடம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துக் கூட்டுங்கள்: 13.0825. அதேபோல் தீர்க்கரேகை 08016.50 என்பது 80.275, நீங்கள் எடுத்துக்கொண்ட 80.165 இல்லை. தீர்க்கரேகையில் மட்டுமே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் மேற்கே தள்ளிப் போய்விட்டது.

இந்தக் கணக்கையும் ஊனோவில் போடாதீர்கள். அதில் அதிகத் துல்லியமான டபுள் வகை எண் என்று அறிவித்தாலும், துல்லியம் குறைந்த 32 பிட் ஃப்ளோட்தான் கிடைக்கும், கடைசி இலக்கங்கள் தேய்ந்துவிடும்.

கேபிளைச் செருகியதும் விண்டோஸில் மவுஸ் அம்பு தானாகக் குதிக்கிறது, எதையெதையோ கிளிக் செய்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை, பயப்பட வேண்டாம். புதிதாக வந்த சீரியல் போர்ட்டில் இடைவிடாமல் எழுத்துகள் வருவதைப் பார்த்து, விண்டோஸ் அதைப் பழைய கால சீரியல் மவுஸ் என்று எண்ணிவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியில் ‘மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்’ என்று ஒன்று முளைத்திருக்கும். அதை அன்இன்ஸ்டால் செய்தால் திரும்ப வரும், டிஸேபிள் செய்யுங்கள். இன்னொரு வழி, கணினியிலிருந்து ஓர் எழுத்து வரும் வரை எதையும் அனுப்பாதபடி ஸ்கெட்சை எழுதுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், எந்தக் கணினியில் செருகினாலும் தொல்லை இல்லை.

5 வோல்ட் போர்டு, 3.3 வோல்ட் மாட்யூல். எரிந்துவிடாதா?

மாட்யூல் அனுப்புவதை ஊனோ வாங்குவதில் ஆபத்து இல்லை. ஊனோவிலிருந்து மாட்யூலுக்குப் போகும் ஒயரில்தான் 1 கிலோ, 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இடத்தைப் படிக்க மட்டும்தான் என்றால் அந்த ஒயரே தேவையில்லை.

பழைய ரிசீவர் ஒன்று இடத்தைச் சரியாகச் சொல்கிறது, தேதி மட்டும் ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் இருக்கிறது.

ஜி.பி.எஸ் வாரங்களை 10 பிட்டில் எண்ணுகிறது. 1024 வாரம் ஆனதும் மீண்டும் 0. கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி ஆனது, அடுத்தது 2038 நவம்பரில். கணினியில் தேதியோடு 7168 நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். நேரம் யு.டி.சி என்ற உலகப் பொது நேரத்தில் வருவதால், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணியையும் சேர்க்க வேண்டும்.