கத்தல்தான், ஆனால் எதற்குக் கத்தல்?

கேள்வி: ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் என்ற, வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பங்க் குழுவின் 'இன்ஃப்ளேமபிள் மெட்டீரியல்' ஆல்பத்தை, கேட்டே ஆக வேண்டியவை என்று நீங்கள் போட்ட பட்டியலில் பார்த்துக் கேட்டேன். மூன்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), ஒரே கத்தல். பாட்டெழுதிக் கொடுத்தவர் ஒரு பத்திரிகையாளராம். வட அயர்லாந்துக் கலவரத்தில் செத்தவர்களை வைத்துக் காசு பார்த்ததைத் தவிர இதில் என்ன இருக்கிறது? ஐரிஷ் பங்க் வேண்டுமென்றால் அண்டர்டோன்ஸ் குழு போதாதா?

பதில்: எதில் கேட்டீர்கள்? போன் ஸ்பீக்கரில் என்றால் நீங்கள் கேட்டது பாதி ஆல்பம்தான். பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போனின் சின்ன ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அலி மெக்மோர்டியின் பேஸும் பிரையன் ஃபலூனின் பெரிய டிரம்மும் காணாமல் போனால், மிஞ்சுவது ஜேக் பர்ன்ஸ், ஹென்றி க்ளூனி இருவரின் கிதாரும் பர்ன்ஸின் தொண்டையும் மட்டுமே. இவை எல்லாம் காது அதிகம் கூசுகிற அதே இடத்தில் முட்டிக்கொள்பவை. அப்படிக் கேட்டால் எந்தப் பங்க் ஆல்பமும் கத்தலாகத்தான் கேட்கும். நல்ல இயர்போன் மாட்டிக்கொண்டு திரும்பக் கேளுங்கள். கிதாரின் இரைச்சலுக்கு அடியில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு போவது தெரியும்.

மூன்று கார்டு என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். பங்க் கிதாரில் பெரும்பாலும் முழுக் கார்டுகூட வாசிப்பதில்லை. ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரத்தை விட்டுவிடுவார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் ஒலியைச் சிதைக்கும்போது, ஒலிக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும். ஸ-ப இருந்தால் அந்தப் புதிய ஒலிகளும் ஸட்ஜத்தோடு ஒத்துப்போகும். காந்தாரம் சேர்ந்தால் கலங்கிவிடும். கார்டு மேஜரா (மலர்ச்சி) மைனரா (சோகம்) என்பதைச் சொல்கிற சுரமும் அதுதான். அது இல்லாத இடத்தில், பாட்டு சோகமா கோபமா என்று முடிவு செய்யும் வேலை குரலின் தலையில் விழுகிறது. பர்ன்ஸின் சொரசொரப்பான குரல் இந்த ஆல்பத்தில் அந்தப் பாரத்தைத்தான் சுமக்கிறது.

வாசித்துப் பார்க்கிறவர்கள் தவறுவது வேறு இடத்தில். ஒலியைச் சிதைக்கிற டிஸ்டார்ஷன் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடுவார்கள். கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே விழ வேண்டிய மௌனத்தை அது இரைச்சலால் நிரப்பிவிடும். பாட்டின் வேகம் செத்துப்போகும். குமிழைப் பாதியில் நிறுத்துங்கள். வலது கையை மேலிருந்து கீழாக மட்டும் அடியுங்கள். மேலும் கீழுமாக அடித்தால் ஒன்றுவிட்டு ஒன்று பலம் குறையும். கார்டு முடிந்த நொடியில் இடது கை விரல்களை லேசாகத் தளர்த்தி, தந்தியைத் தொட்டபடியே வைத்திருந்து ஒலியை அடக்குங்கள். இதே வேகத்தில் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்த பிறகு சொல்லுங்கள், இது சுலபமா என்று.

இனி அந்தப் பத்திரிகையாளர். பெயர் கோர்டன் ஓகில்வி. மறைக்க ஒன்றுமில்லை, பாடல்களில் அவர் பெயரும் போட்டிருக்கிறது. டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் பாட்டுப் பெயரையே சூட்டிக்கொண்டு மற்றவர்களின் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த பையன்கள் பங்க் பக்கம் திரும்பியிருந்த நேரம். உங்கள் ஊரில் நடப்பதை, உங்கள் வாழ்க்கையை எழுதுங்கள் என்று 1977இல் அவர் சொன்னார். 'சஸ்பெக்ட் டிவைஸ்' பாட்டின் வரிகள் அவருடையவை. ஆல்பத்தின் பெயரே அதன் முதல் வரியில் இருந்து வந்ததுதான். ஆனால் 'வேஸ்டட் லைஃப்' பர்ன்ஸ் எழுதியது. யாருக்காகவும் துப்பாக்கி தூக்க மாட்டேன் என்று ஓர் இளைஞன் சொல்கிற பாட்டு அது. ஆயுதக் குழுக்களை ஃபாசிஸ்டுகள் என்றே திட்டுகிறது, பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற தரப்பா, அயர்லாந்தோடு சேர வேண்டும் என்ற தரப்பா என்று பிரிக்காமல். லண்டனில் இருந்துகொண்டு இதை எழுதலாம். பெல்ஃபாஸ்ட் தெருவில் அன்றாடம் நடமாடிக்கொண்டே எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அப்போது அது எப்படிப்பட்ட ஊர் என்பதையும் பார்க்க வேண்டும். நகரின் கடைவீதியைச் சுற்றி இரும்புக் கதவுகள். உள்ளே நுழைய உடல் சோதனை. கடை அடைத்தபின் மையத்தில் ஆள் நடமாட்டம் கிடையாது. 1975 ஜூலை 31 அன்று மியாமி ஷோபேண்ட் குழுவின் வண்டியை மறித்து மூன்று இசைக்கலைஞர்களைக் கொன்றார்கள். அதன்பின் வெளியூர்க் குழுக்கள் வரவே தயங்கின. 1977 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட்டின் அல்ஸ்டர் ஹாலில் நடக்கவிருந்த, லண்டன் பங்க் குழுவான க்ளாஷின் நிகழ்ச்சி, காப்பீடு கிடைக்காமல் கடைசி நேரத்தில் ரத்தானது.

'ஆல்டர்னேட்டிவ் அல்ஸ்டர்' (வேறொரு வட அயர்லாந்து என்று பொருள்) பாட்டை இதோடு சேர்த்துக் கேளுங்கள். அதே பெயரில் அங்கே ஒரு சிற்றிதழ் வந்தது. இதழோடு இலவசமாகக் கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டுக்கென்று எழுதப்பட்டு, கடைசியில் 1978இல் தனி சிங்கிளாக வெளிவந்த பாட்டு அது. பெரிய அரசியலோடு அது தொடங்குவதில்லை. போக இடமில்லை என்று தொடங்குகிறது. பெல்ஃபாஸ்ட்டில் இசை கேட்கப் பவுண்ட் என்ற ஒரு பழைய இடம்; இல்லையென்றால் பாங்கரில் உள்ள ட்ரைடன்ட், அங்கே போனால் ஊருக்கு நடந்தே திரும்ப வேண்டும். பாங்கர் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பொழுதுபோகாத சலிப்பும் போலீஸ், ராணுவத்தின் கெடுபிடியும் ஒரே பாட்டில், ஒரே மூச்சில் வருகின்றன. அங்கே பதின்வயதைக் கழித்தவர்களுக்கு இரண்டும் தனித்தனியாக இருக்கவில்லை. என் கணிப்பில் இந்த ஆல்பத்தின் உண்மையான பொருள் இதுதான். குண்டு வெடிப்பு அல்ல.

காசு பார்த்தார்கள் என்கிறீர்கள். 'சஸ்பெக்ட் டிவைஸ்' சிங்கிளை ரிஜிட் டிஜிட்ஸ் என்று சொந்தப் பெயரிட்டு அவர்களே வெளியிட்டார்கள். ஜான் பீல் பிபிசி வானொலியில் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார். ஆல்பத்தை வெளியிட்ட ரஃப் டிரேட், கலைஞர்களோடு லாபத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்ட சின்ன நிறுவனம். அது போட்ட முதல் எல்.பி.யே இதுதான். 1979 பிப்ரவரியில் வந்து பிரிட்டிஷ் பட்டியலில் 14ஆம் இடம் பிடித்தது, லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. விற்பதற்கென்று செய்தவர்கள் நடுவில் எட்டு நிமிடப் பாட்டை வைப்பார்களா?

அந்த எட்டு நிமிடம் 'ஜானி வாஸ்'. பாப் மார்லியின் 1976 ஆல்பத்தில் வந்தது. வழிதவறிய தோட்டாவுக்குப் பலியான மகனுக்காகத் தாய் அழுகிறாள். இவர்கள் மார்லியின் ரெக்கே என்ற ஜமைக்கா இசையை அப்படியே நகலெடுக்காமல் பாட்டை பெல்ஃபாஸ்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்னேர் டிரம் ராணுவ நடைபோல் உருள்கிறது. பிரிட்டன் ஆதரவுப் புராட்டஸ்டன்டுகள் நடத்தும் ஜூலை மாத ஆரஞ்சு ஊர்வலங்களின் முரசைக் கேட்டு வளர்ந்த நகரத்தில் அந்த ஒலிக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. கிதார்கள் வெகுநேரம் அடங்கியே இருந்து, பிறகு மெல்ல மெல்ல ஏறுகின்றன. இரண்டு நிமிடத்தில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டால் இந்த ஏற்றம் உங்களுக்குக் கிடைக்காது.

'வைட் நாய்ஸ்' பாட்டை மட்டும் தனியாகப் பிய்த்துக் கேட்காதீர்கள். கறுப்பர்களையும் பாகிஸ்தானியர்களையும் பற்றிய வசைகள் அப்படியே வருகின்றன. பாடுகிறவன் இனவெறியன் என்று பலர் தவறாக எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பகுதியில் அதே வசை ஐரிஷ்காரர்கள் மீது திரும்புகிறது. தன்மேல் வீசப்பட்ட சேற்றைக் காட்டத்தான் மற்ற இரண்டும். அதுவரை பொறுத்தால்தான் பாட்டு புரியும்.

எல்லாமே உசத்தி என்று சொல்லவில்லை. 'ஹியர் வீ ஆர் நோவேர்' ஒரு நிமிடத் துண்டு, அவ்வளவுதான். முடிவில் வரும் 'க்ளோஸ்டு க்ரூவ்' இந்த ஆல்பத்தோடு ஒட்டவில்லை. 'ஆல்டர்னேட்டிவ் அல்ஸ்டர்' பாட்டோடு முடித்திருக்க வேண்டும். 'பார்ப்டு வயர் லவ்' வேறு ரகம். முள்வேலிக்கு நடுவே காதல் பாட்டு, இடையில் ஐம்பதுகளின் டூ-வாப் பாணியில், குரல்களே வாத்தியம்போல் இசைக்கிற கோரஸ். கோபத்துக்கு நடுவிலும் இவர்களுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அண்டர்டோன்ஸ் போதாதா? வட அயர்லாந்தின் இன்னொரு நகரமான டெரியில் இருந்து வந்த அவர்களின் முதல் ஆல்பமும் அதே 1979இல்தான். மெட்டு என்று பார்த்தால் அவர்கள் ஒரு படி மேல். 1972இல் ராணுவம் ஒரே நாளில் 13 பேரைச் சுட்டுக் கொன்ற ஊரில் வளர்ந்து, பெண்களையும் கோடைக்காலத்தையும் மட்டுமே பாடுவோம் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அதுவும் ஒரு பதில்தான். கலவரத்தை விற்கிறார்கள் என்று பெல்ஃபாஸ்ட் குழுவைக் குறை சொன்னவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் ஒருவர் பேசாமல் விட்டதை இன்னொருவரும் பேசக் கூடாது என்றால், 'வேஸ்டட் லைஃப்' சொன்னதை யார் சொல்லியிருப்பார்கள்?

முதலில் 'வேஸ்டட் லைஃப்', அடுத்து 'ஆல்டர்னேட்டிவ் அல்ஸ்டர்', பிறகு 'ஜானி வாஸ்' முழுக்க. மறுநாள் ஆல்பத்தை முதலில் இருந்து வரிசை மாறாமல், 13 பாட்டையும் கேளுங்கள்; மொத்தமே சுமார் 40 நிமிடம்தான். அதன் பிறகும் கத்தல் என்று தோன்றினால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். அச்சிடுகிறோம்.