தண்டையார்பேட்டையில் 1997இல் கட்டிய அபார்ட்மென்ட், கீழே முழுக்க பார்க்கிங். நிலநடுக்கம் வந்தால் தாங்குமா?

கன்டெய்னர் லாரி போனாலே ஜன்னல் அதிர்கிறது, மேலே மூன்று மாடி இருக்கிறது, யாரிடம் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "சென்னையில் ஏது பூகம்பம்" என்று சொல்லி அசோசியேஷனில் உங்கள் வாயை அடைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பழைய கட்டடங்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் எனக்கும் அந்தப் பதில்தான் கிடைக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் லாரி விஷயம். அந்த அதிர்வு சின்னது, வந்த வேகத்தில் அடங்கிவிடும். அதை வைத்துக் கட்டடம் பலமா பலவீனமா என்று சொல்ல முடியாது. நிலநடுக்கத்தில் தரையே பக்கவாட்டில் நகரும், மேலே இருக்கும் எடை உடனே அதோடு சேர்ந்து நகராது. அந்த இழுப்பையெல்லாம் தூண்கள்தான் தாங்க வேண்டும். உங்கள் வீட்டில் மேல்மாடிகளில் செங்கல் சுவர் இருக்கிறது, கீழே வெறும் தூண்தான். குச்சிக் காலில் நிறுத்திய பீரோ மாதிரி, அசைவு முழுவதும் கீழ்த்தளத்தில் வந்து சேரும்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் வந்த பூஜ் நிலநடுக்கத்தில் இதுதான் நடந்தது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில், கீழே பார்க்கிங் விட்ட அடுக்குமாடிகள் உட்கார்ந்துவிட்டன. நிலநடுக்க ஆபத்தை வைத்து நாட்டை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். அகமதாபாத் அப்போது மூன்றாம் மண்டலம். சென்னை அப்போது இரண்டாம் மண்டலம், நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1893இல் 2002இல் வந்த திருத்தத்தில்தான் மூன்றுக்கு ஏறியது. உங்கள் கட்டடம் அதற்கு முந்தையது. கீழே திறந்த தளம் இருந்தால் அந்தத் தளத்தின் தூணையும் பீமையும் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும் என்ற விதியும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது.

பயமுறுத்துகிறேன் என்று யாராவது வருவார்கள். நாளைக்கே பூகம்பம் வரும் என்று நான் சொல்லவில்லை. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் வந்தது இங்கேயும் உணரப்பட்டது. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு அப்பால் வந்ததற்கு இங்கே ஜனங்கள் தெருவில் வந்து நின்றார்கள். வராது என்று அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சரி, என் அனுபவம். ராயபுரம் பக்கம் இதே மாதிரி ஒரு கட்டடம். வீடு விற்பதற்காக, "உறுதியாக இருக்கிறது" என்று கடிதம் கேட்டுக் கூப்பிட்டார்கள். டிராயிங் இல்லை. கான்கிரீட்டில் தட்டி, எவ்வளவு எகிறுகிறது என்று பார்த்துப் பலத்தைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமர் என்ற சுத்தியலால் தட்டினால் நல்ல எண் வந்தது. உடனே எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பழைய கான்கிரீட்டின் மேல்பரப்பு காலப்போக்கில் இறுகி, உள்ளே இருப்பதைவிடக் கூட்டித்தான் காட்டும். அதனால் பார்க்கிங்கில் ஒரு தூணின் அடியில் பூச்சை உடைக்கச் சொன்னேன். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி கிட்டத்தட்ட ஒரு அடிக்கு ஒன்று இருந்தது. தூணின் முனைகளில் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி போகக் கூடாது என்கிறது, நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி கட்டும் முறையைச் சொல்லும் ஐ.எஸ். 13920. ரிங்கின் முனை 'ட' மாதிரி மடங்கி நின்றது. 135 டிகிரி மடித்து உள்ளே கான்கிரீட்டுக்குள் செருகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குலுக்கலில் மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும், நெடுங்கம்பி வளைந்துவிடும். போதாததற்கு உப்புக்காற்றில் துரு வேறு.

என் அப்பா வியாசர்பாடியில் கம்பி கட்டும் வேலை செய்தவர். போட்டோவைக் காட்டினேன். "கட்டினவனைச் சொல்லாதம்மா, டன் கணக்குல கூலி குடுத்தா எவன் நின்னு மடிப்பான்" என்றார். அவர் மேஸ்திரியோடு சண்டை போட்டு மடித்துக் கட்டியவர். அதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

கடிதம் தர மறுத்தேன். அசோசியேஷன் பெரியவர் ஒருவர், "என்னம்மா, நார்த் மெட்ராஸ்ல இதுக்கு மேல என்ன எதிர்பார்க்கிற?" என்றார். இங்கே வாழ்பவர்களே இப்படிப் பேசுவதுதான் எனக்குத் தாங்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நடுவே பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். கேட்டால் அதற்கும் இதே பதில்தான். ஏன், எங்கள் உயிர் மட்டும் மலிவா?

உங்களுக்கு வருகிறேன். நான் டிசைன் செய்பவள் இல்லை, பார்க்காமல் உங்கள் கட்டடத்துக்குத் தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன். பழைய கான்கிரீட் கட்டடங்களின் நிலநடுக்க பலத்தைச் சோதிக்கும் வழிகாட்டியான ஐ.எஸ். 15988 படி மதிப்பீடு செய்யத் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். வெறும் சுத்தியல் சோதனையோடு முடிப்பவர் வேண்டாம். கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டாகக் கோர் எடுத்துச் சோதிக்க வேண்டும், இரண்டு மூன்று இடத்தில் கம்பியைத் திறந்து பார்க்க வேண்டும், மண் அறிக்கையும் வேண்டும். கடலோர மணலும் மேலேயே நிற்கும் நிலத்தடி நீரும் இருக்கும் இடத்தில் குலுக்கலில் மண்ணே சேறு மாதிரி இளகக்கூடும். தேவைப்பட்டால் கம்ப்யூட்டரில் கட்டடத்தைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, எந்த மூட்டு முதலில் விடுகிறது என்று பார்ப்பார்கள்.

பலவீனம் தெரிந்தால் இடிக்கத்தான் வேண்டும் என்றில்லை. தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுத் தடிப்பாக்கும் ஜாக்கெட் போடலாம், பார்க்கிங்கில் சில இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்பலாம். சுவரை ஒரே பக்கமாக எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும், அதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றிரண்டு கார் நிறுத்தும் இடம் போகும். சண்டை அங்கேதான் வரும், இப்போதே பேசி வையுங்கள். அதுவரைக்கும் பைப் போடவோ ஷட்டர் மாட்டவோ தூணைக் கொத்த யாரையும் விடாதீர்கள்.