இணைப்பு இருக்கிறது என்று கைபேசி சொன்னால் நம்பலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பால் சேகரிக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்காக அன்ட்ரொயிட் செயலி ஒன்றை எழுதியிருக்கிறேன். சேகரிப்பாளர் வேலணையிலும் புங்குடுதீவிலும் வீடு வீடாகச் சென்று, ஒவ்வொருவரும் தரும் பாலின் அளவை லீற்றரில் பதிவார். இணைப்பு இருந்தால் செயலி அதை உடனே சேர்வருக்கு அனுப்பும். இல்லாவிட்டால் ‘இணைப்பு இல்லை’ என்று காட்டும். ஆனால் சிக்னல் கோடுகள் தெரியும் இடத்திலேயே சில பதிவுகள் போய்ச் சேராமல் தொலைந்துவிடுகின்றன. சங்க அலுவலகத்தின் வைஃபையை விட்டு வெளியே வந்தால், மொபைல் டேட்டா நன்றாக வேலை செய்யும்போதும் ‘இணைப்பு இல்லை’ என்பது மறையாமல் நிற்கிறது. இணைப்பு மாறுவதைச் சரியாகக் கண்டறிவது எப்படி? நிரலின் ஒரு பகுதியை இணைத்துள்ளேன்.
– ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு பிழைகள் இருக்கின்றன: பதிவுகள் தொலைவது ஒன்று, ‘இணைப்பு இல்லை’ என்பது மறையாமல் நிற்பது மற்றொன்று. இரண்டாவது எளிதில் தீரக்கூடியது என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

வலையமைப்பு மாறும்போது அன்ட்ரொயிட் உங்கள் செயலியை அழைத்துச் சொல்லும் வழி ‘நெட்வேர்க் கோல்பக்’. அதில் ஒரு வலையமைப்பு கிடைத்ததைச் சொல்லும் ‘ஒன்அவெய்லபிள்’ அழைக்கப்படும்போது ஒரு மாறியில் (மதிப்பைச் சேமிக்கும் இடத்தில்) ‘ஆம்’ என்றும், அது போனதைச் சொல்லும் ‘ஒன்லொஸ்ட்’ அழைக்கப்படும்போது அதே மாறியில் ‘இல்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கைபேசியில் ஒரே ஒரு வலையமைப்பு இருக்கும்வரை இதில் குறையில்லை. அலுவலக வாசலைக் கடக்கும்போதோ வைஃபையும் மொபைல் டேட்டாவும் சிறிது நேரம் ஒன்றாக உயிருடன் இருக்கலாம்: மொபைல் வலையமைப்புக்கான ஒன்அவெய்லபிள் முதலில் வந்து, அதன் பிறகு வைஃபைக்கான ஒன்லொஸ்ட் வருகிறது. கடைசியாக வந்த அந்த ‘இல்லை’, சற்று முன்னர் எழுதப்பட்ட ‘ஆம்’ என்பதை அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு புதிய வலையமைப்பு எதுவும் வராததால் அதைத் திருத்துவாரும் இல்லை.

அன்ட்ரொயிட் 7.0 முதல், இணைப்பு நிலையைக் கவனிக்கும் அதன் பகுதியான கனெக்டிவிட்டி மனேஜரில் ‘ரெஜிஸ்டர் டிஃபோல்ட் நெட்வேர்க் கோல்பக்’ என்ற வழி இருக்கிறது. கைபேசி அந்த நேரத்தில் இயல்பாகப் பயன்படுத்தும் வலையமைப்பை மட்டும் அது கவனிக்கும். வைஃபையிலிருந்து மொபைலுக்கு மாறினால் புதியதற்கான ஒன்அவெய்லபிள் வரும், இயல்பு வலையமைப்பே இல்லாமல் போகும்போதுதான் ஒன்லொஸ்ட் வரும். அதற்கும் பழைய கைபேசிகளையும் ஆதரிக்க வேண்டுமானால், ஒற்றை மாறியை விட்டுவிட்டு, உயிருடன் இருக்கும் வலையமைப்புகளின் பட்டியல் ஒன்றை வைத்து, அது வெறுமையானால் மட்டுமே ‘இல்லை’ என்று கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: செயலி திறக்கும்போது எந்த வலையமைப்பும் இல்லையென்றால் எந்த அழைப்பும் வராது. எனவே தொடக்க நிலையை நீங்களே ‘இல்லை’ என்று வைத்துவிட வேண்டும்.

உங்கள் நிரலில், செயலியின் விவரங்களை அன்ட்ரொயிட்டுக்கு அறிவிக்கும் மனிஃபெஸ்ட் கோப்பில் பதிவு செய்த பழைய அறிவிப்பு முறையும் மிஞ்சியிருக்கிறது. இணைப்பு மாறினால் செயலியைத் தட்டியெழுப்பும் அந்த முறை, அன்ட்ரொயிட் 7.0ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில் இருந்தே வேலை செய்வதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பல செயலிகள் ஒருங்கே விழித்து மின்கலத்தையும் நினைவகத்தையும் தின்றதுதான் அதற்குக் காரணம். அதனுடன் சேர்த்துக் கற்பிக்கப்படும் இணைப்பின் நிலையைத் தெரிவிக்கும் ‘நெட்வேர்க் இன்ஃபோ’ என்ற நிரல் வகுப்பும் அன்ட்ரொயிட் 10இல் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. இரண்டையும் தயங்காமல் நீக்குங்கள்.

இனி முதலாவது பிழை. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். ஏனெனில் இதில் தொலைவது ஒருவர் அதிகாலையில் எழுந்து கறந்த பாலின் கணக்கு.

சிக்னல் கோடுகள் கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையிலான வானொலி அலையின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. அலை நன்றாக இருந்தும் கோபுரத்தில் நெரிசல் இருக்கலாம். டேட்டா பக்கேஜ் முடிந்திருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் உங்கள் சேர்வர் விழுந்திருக்கலாம். வாய்க்கால் வெட்டியிருக்கிறது என்பதற்காகத் தோட்டத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? அன்ட்ரொயிட்டும் இந்த வேறுபாட்டைத் தன் சொற்களில் வைத்திருக்கிறது. ஒரு வலையமைப்பின் தகைமைகளில் ‘இன்டர்நெட்’ என்பது, அது இணையத்துக்குச் செல்வதற்காக அமைக்கப்பட்டது என்று மட்டுமே பொருள்படும். ‘வலிடேட்டட்’ என்பதோ, கைபேசி தானாக ஒரு சிறு கோரிக்கையை வெளியே அனுப்பி, 204 என்ற எண்ணுடன் வெற்றுப் பதில் வருகிறதா என்று சோதித்துப் பார்த்துத் தேறியது என்பதாகும். தகைமைகள் மாறும்போது வரும் ‘ஒன்கேபபிலிட்டிஸ் சேஞ்ச்ட்’ அழைப்பில் இந்த இரண்டையும் பாருங்கள். அந்த அழைப்பு தரும் தகவலையே பயன்படுத்துங்கள். அதற்குள் நின்று கனெக்டிவிட்டி மனேஜரிடம் மறுபடி கேட்டால், இடைப்பட்ட கணத்தில் நிலை மாறியிருக்கக்கூடும் என்பதால் முரண்பட்ட விடை கிடைக்கலாம்.

வலிடேட்டட் என்பதும் சோதித்த அந்த வேளைக்கான சான்று மட்டுமே. வேலணையில் தேறிய வலையமைப்பு, புங்குடுதீவுக்குச் செல்லும் தாம்போதியின் நடுவில் என்ன நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. உங்கள் சேர்வரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. ஒரு பதிவு போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சேர்வரிடமிருந்து வரும் பதிலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஆகவே உங்கள் செயலியின் ஒழுங்கைத் தலைகீழாக மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். சேகரிப்பாளர் பொத்தானை அழுத்தியதும், இணைப்பு இருக்கிறதா என்று பார்க்காமலே, பதிவு கைபேசியின் சொந்தத் தரவுத்தளத்தில் எழுதப்பட வேண்டும். பிறகு, பின்னணி வேலைகளைப் பொறுப்பேற்கும் அன்ட்ரொயிட்டின் வேர்க் மனேஜரிடம், இணைப்பு வேண்டும் என்ற நிபந்தனையுடன், அனுப்பும் வேலையை ஒப்படையுங்கள். செயலி மூடப்பட்டாலும் கைபேசி அணைந்து மீண்டாலும் அந்த வேலை மறக்கப்படாது. அனுப்பும் வேலை ‘மீண்டும் முயல்க’ என்று விடை தந்தால், இயல்பாக 30 விநாடியில் தொடங்கி இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டி முயன்றுகொண்டே இருக்கும். இணைப்பு மாறியதைக் கண்டறிவது, இந்த ஒழுங்கில், ‘இப்போது முயன்று பார்க்கலாம்’ என்ற அறிவிப்பாக மட்டும் அமைகிறது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. பதிவு சேர்வரை அடைந்து, அதற்கான பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்தால், கைபேசி அதைத் தோல்வி என்றே எண்ணி மறுபடியும் அனுப்பும். 6 லீற்றர் பால் 12 லீற்றராகக் கணக்கில் ஏறிவிடும். இதைத் தவிர்க்க, பதிவு உருவாகும் அந்தக் கணத்திலேயே கைபேசி அதற்கு ஒரு தனித்த அடையாள எண்ணை இட வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சேர்வர் புதிதாக எழுதாமல் ‘ஏற்கெனவே பெற்றேன்’ என்று மட்டும் பதில் தர வேண்டும். அந்தப் பதில் வந்த பின்னரே கைபேசியில் பதிவை ‘அனுப்பப்பட்டது’ என்று மாற்றுங்கள்.

திரையில் காட்டும் செய்தியையும் மாற்றுங்கள். ‘இணைப்பு இல்லை’ என்பது சேகரிப்பாளருக்குப் பதற்றத்தைத் தவிர எதையும் தருவதில்லை. ‘கைபேசியில் பதியப்பட்டது, 4 பதிவுகள் அனுப்பக் காத்திருக்கின்றன’ என்றால், அவர் அடுத்த வீட்டுக்கு நிம்மதியாகப் போகலாம்.

கேள்வி: ஐபோனுக்கும் இதே போன்ற வசதி உண்டா? ஒரே நிரலைப் பல தளங்களுக்குப் பயன்படுத்த உதவும் ஃபிளட்டரில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே நிரல் போதுமா?
– ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: உண்டு. 2018இல் வெளிவந்த ஐஓஎஸ் 12 முதல் ‘என்டபிள்யூ பாத் மொனிட்டர்’ இந்தப் பணியைச் செய்கிறது. பாதை ‘சற்றிஸ்ஃபைட்’ (நிபந்தனை நிறைவேறியது) என்று அது சொன்னாலும், முயன்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. முதலில் சோதித்துவிட்டுப் பிறகு அனுப்பும் பழக்கத்தை அப்பிள் நிறுவனமே ஊக்குவிப்பதில்லை. சேர்வருக்குக் கோரிக்கை அனுப்பப் பயன்படும் யூஆர்எல் செஷனில் ‘வெயிட்ஸ் ஃபோர் கனெக்டிவிட்டி’ என்பதை இயக்கிவிட்டால், இணைப்பு இல்லாதபோது கோரிக்கை உடனே தோல்வியடையாமல் இணைப்பு வரும்வரை காத்திருக்கும். இது ஐஓஎஸ் 11 முதல் இருக்கிறது.

ஃபிளட்டரில் ‘கனெக்டிவிட்டி பிளஸ்’ என்ற பொதியை இரண்டு தளங்களுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அது வைஃபையா மொபைலா என்ற வகையைத்தான் தெரிவிக்கும்; இணையம் உண்மையில் கிடைக்கிறதா என்பதற்கு அதை நம்ப வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. அதன் 6ஆம் பதிப்பு முதல் ஒற்றை விடைக்குப் பதிலாக ஒரு பட்டியல் வருவதால், பழைய பாடங்களில் இருந்து எடுத்த நிரல் அப்படியே ஓடாது.

கேள்வி: இணைப்பு அறுந்து அறுந்து வரும் நிலையை, நெடுந்தீவுப் படகில் ஏறாமல் வீட்டிலிருந்தே சோதிக்க முடியுமா?
– ஒரு மாணவர், நல்லூர்

பதில்: பெரும்பாலும் முடியும். விமானப் பயண நிலையை இட்டு எடுப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது மிகச் சுலபமான சோதனை. ஏனெனில் அதில் இணைப்பு இல்லை என்று கைபேசிக்கே திட்டவட்டமாகத் தெரிகிறது. கடினமானது, இணைப்பு இருப்பது போலத் தோன்றி இல்லாமல் இருப்பது. வீட்டு ரூட்டரை அணைக்காமல், வெளியிலிருந்து அதற்கு வரும் இணைய வயரை மட்டும் கழற்றுங்கள்: வைஃபை அடையாளம் அப்படியே நிற்கும், இணையம் இராது. பதிவு அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வயரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குத் தாவ விடுங்கள். மெதுவான இணைப்புக்கு, கணினியில் கைபேசியைப் போல இயங்கும் அன்ட்ரொயிட் எமுலேற்றரில் வலையமைப்பின் வேகத்தைக் குறைக்கும் தெரிவு உண்டு; ஐபோனில் டெவலப்பர் அமைப்புகளுக்குள் ‘நெட்வேர்க் லிங்க் கண்டிஷனர்’ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கைபேசியில் உள்ள பதிவுகளையும் சேர்வரில் உள்ளவற்றையும் அடையாள எண் வாரியாக ஒப்பிட்டு, விடுபட்டதும் இரட்டித்ததும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, குறிகட்டுவான் துறையில் படகு ஏறி ஒரு முறை போய் வாருங்கள்.