வாசகர் கேள்வி – பதில்: கணக்கு நோட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாற்றைப் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கேட்க வருவோரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. அரசர் எட்டாம் ஹென்றியின் மணமுறிவைத் தவிர வேறெதுவும் பலருக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: மணமுறிவிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். போப்பாண்டவருக்குப் பதிலாக அரசனைத் திருச்சபைக்குத் தலைவனாக்கிய 1534-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஐந்து நிமிடங்களில் சொல்லிவிட்டு, தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள மோர்பாத் என்னும் சிற்றூருக்குக் கேட்போரை அழைத்துச் செல்லுங்கள். முப்பத்துச் சொச்சம் குடும்பங்களே வாழ்ந்த அவ்வூரில் 1520 முதல் 1574 வரை கிறிஸ்டோபர் டிரிக்கே என்பவர் பங்குக் குருவாக இருந்தார். ஊராரைக் கூட்டி வாசித்துக் காட்டுவதற்காக அவர் எழுதிவைத்த ஆலயக் கணக்குகள் இன்றும் கிடைக்கின்றன.

புனிதர்களின் சுரூபங்களுக்கு முன் விளக்கெரிக்க அந்த ஊரார் ஆடுகளை நேர்ந்துவிட்டு, கம்பளி விற்ற பணத்தில் செலவை நடத்தினார்கள். நந்தா விளக்குக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ (எண்ணிக்கை குறையாமல் காக்கப்படும் ஆடுகள்) கொடுத்த செய்தியை நம் கோயில் கல்வெட்டுகளில் படித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கமே தேவைப்படாது. அந்த விளக்குகள் ஹென்றியின் காலத்திலேயே ஆணையால் அணைக்கப்பட்டன. இறந்தோருக்கான பூசைக்குக் கறுப்புத் திருவுடை வாங்க டிரிக்கே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1547-இல் அதை வாங்கி முடித்தார். அதே ஆண்டில் ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்ட் அரியணை ஏற, அந்த வழிபாட்டையே ஒழிக்கும் ஆணைகள் வரத் தொடங்கின. இந்த ஒரு செய்தியை நிதானமாகச் சொன்னாலே போதும், பழைய கத்தோலிக்க வழிபாட்டை மாற்றிய சமயச் சீர்திருத்தம் என்பது எளிய மக்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது அவையோருக்கு விளங்கிவிடும்.

1549-இல் ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமாக்கப்பட்டபோது தென்மேற்கில் கிளர்ச்சி வெடித்தது. மோர்பாத் தன் பொதுப்பணத்தைக் கொடுத்து ஐந்து இளைஞர்களை எக்ஸிட்டர் அருகிலிருந்த கிளர்ச்சியாளர் முகாமுக்கு அனுப்பியது. 1553-இல் கத்தோலிக்கரான மேரி அரசியாகிப் பழைய வழிபாடு திரும்பியதும், வீடுகளில் காப்பாற்றி வைத்திருந்த ஆலயப் பொருட்களை ஊரார் திரும்பக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த எலிசபெத்தின் ஆட்சியில் எல்லாம் மறுபடியும் சீர்திருத்தத்தின் பக்கம் மாறியது. நான்கு ஆட்சிகளின் ஆணைகளுக்கும் பணிந்து அதே ஊரில் நீடித்த அந்தக் குருவைக் கோழை என்று தீர்ப்பளிக்க எனக்கு மனம் வரவில்லை. தம் மக்களைப் பிரிய விரும்பாதவராகவே நான் அவரைக் காண்கிறேன்.

கேள்வி: இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தம் நடந்த காலத்தில் பொதுமக்களுக்காகத் திறந்தவெளியில் சமயச் சொற்பொழிவு நடந்ததா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நடந்தது. இலண்டன் புனித பவுல் பேராலய வளாகத்தில் ‘பவுல் சிலுவை’ என்ற திறந்தவெளிப் பிரசங்க மேடை இருந்தது. 1521-இல் ஆயர் ஜான் ஃபிஷர், ஜெர்மனியில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதருக்கு எதிராகப் பேச, லூதரின் நூல்கள் அங்கே எரிக்கப்பட்டன. 1538-இல் அதே இடத்தில், பாக்ஸ்லி மடத்தில் மக்கள் வணங்கிவந்த சிலுவைச் சுரூபம் ஏமாற்று வேலை என்று கண்டிக்கப்பட்டு உடைக்கப்பட்டது. ஆட்சியின் கொள்கை மாறும்போதெல்லாம் மக்கள் அதை முதலில் கேட்ட இடங்களுள் ஒன்றான அம்மேடையை, இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரின்போது 1643-இல் இடித்துவிட்டார்கள்.