காரில்லாமல் பிட்லாக்ரி: இரண்டு இரவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி: மகள் எடின்பரோவில் படிக்கிறாள். செப்டம்பர் முதல் வாரம் நானும் மனைவியும் அங்கே போகிறோம். மூவருமாக ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரியில் இரண்டு இரவு தங்க எண்ணம். கார் ஓட்டப் போவதில்லை. மனைவிக்கு முழங்கால் வலி, மலையேற்றம் ஆகாது. மூவரும் சைவம். தேடினால் பதினைந்து இடங்களாவது பட்டியலில் வருகின்றன. எது முடியும், எதை விடலாம்?

பதில்: பதினைந்தில் நான்கைந்து போதும். கார் இல்லாதது இந்த ஊரில் பெரிய குறை இல்லை. பெர்த்திலிருந்து இன்வர்னெஸ் போகும் ரயில் பாதையை ஒட்டியே பிட்லாக்ரி வளர்ந்தது. 1863இல் திறந்த நிலையம் இன்றும் ஊர் நடுவில் இருக்கிறது. கடைத்தெருவான ஆதல் ரோடு அங்கிருந்து சில நிமிட நடை. ரயிலில் எட்டும் இடங்களை முதலில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் டாக்ஸி என்று திட்டமிடுங்கள். முழங்காலும் தப்பும், பணமும் தப்பும்.

முதலில் தேதியைப் பாருங்கள். செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஊரில் ஹைலேண்ட் கேம்ஸ் என்ற பாரம்பரிய விளையாட்டு விழா நடக்கும். கட்டைமரத்தைத் தூக்கி எறிவதும் பைப் வாத்தியக் குழுக்களும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். கேம்ஸ் வேண்டாம் என்றால் அதற்கு முந்தைய திங்கள் முதல் வியாழனுக்குள் போய்வந்துவிடுங்கள்.

எடின்பரோ வேவர்லியிலிருந்து ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சில ரயில்கள் நேராகப் போகும், சிலவற்றுக்கு பெர்த்தில் மாற வேண்டும். பெட்டி படுக்கையோடு முழங்கால் வலியும் இருப்பதால் நேர் ரயிலாகப் பார்த்து எடுங்கள். ஸ்காட்லாந்து ரயில் நிறுவனமான ஸ்காட்ரெயிலில் 2025 செப்டம்பர் முதல் உச்சநேரக் கட்டணம் கிடையாது. ஆகவே காலை ஒன்பது மணிக்கு முன் ஏறினால் காசு கூடுமே என்று தயங்க வேண்டியதில்லை. மலிவான அட்வான்ஸ் டிக்கெட் எடுத்தால் குறித்த ரயிலில்தான் போக வேண்டும், வழியில் இறங்கிப் பிறகு வேறு ரயில் பிடிக்க முடியாது. ஃபோர்த் ரயில் பாலம் வழியாகப் போகும் ரயில் என்றால், வடக்கே போகும்போது இடப்பக்கம் இரண்டு சாலைப் பாலங்கள் தெரியும், வலப்பக்கம் கடல் திறந்திருக்கும்.

முதல் நாள் மதியம் வந்து சேர்ந்தீர்களானால் அணைக்கட்டு போதும். ஊரிலிருந்து டம்மல் ஆற்றுக்கு இறங்கி, 1913இல் கட்டிய தொங்குபாலத்தில் ஆற்றைக் கடந்தால் போர்ட்-நா-கிரெய்க். அங்கே ஃபெஸ்டிவல் தியேட்டர் இருக்கிறது. 1951இல் கூடாரத்தில் தொடங்கிய நாடகக் குழு 1981இல்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. கரையோடு நடந்து அணையின் மேலேயே மறுகரைக்கு வந்து, பார்வையாளர் மையத்தில் தேநீர் குடித்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கு உட்பட்ட நடை. தொங்குபாலம் லேசாக ஆடும், பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே பலர் ஏமாறும் விஷயம் மீன் ஏணி. அணை 1951இல் முடிந்தபோது, முட்டையிட ஆற்றின் மேல்பகுதிக்குப் போகும் சால்மன் மீன்களுக்கு வழி அடைபடும் என்பதால் 34 தொட்டிகளைப் படிப்படியாகக் கட்டினார்கள். நீளம் 310 மீட்டர். அணையின் உயரம் 16 மீட்டர் சொச்சம், ஆகவே ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் சராசரியாக அரை மீட்டர் உயர வித்தியாசம்தான். ஏணி என்றதும் மீன் துள்ளித் துள்ளி ஏறும் என்று நினைத்துக் கேமராவோடு காத்திருப்பார்கள். அது துள்ளாது. தொட்டிகளுக்கு இடையே தண்ணீருக்கு அடியில் துவாரம் இருக்கிறது, அதன் வழியாக நீந்திப் போய்விடும். மேலே தெரிவது நுரைக்கும் தண்ணீரும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கரிய முதுகும். ஏணியில் மீன் நடமாட்டம் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. எத்தனை மீன் ஏறின என்று கணக்கு வைக்கிறார்கள், அதை மையத்தில் பாருங்கள். அங்கே அனுமதி இலவசம்.

இரண்டாம் நாளை பிளேர் கோட்டைக்கு ஒதுக்குங்கள். அடுத்த ரயில் நிலையமான பிளேர் ஆதலில் இறங்க வேண்டும், பத்து நிமிடப் பயணம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, அதனால் திரும்பும் ரயிலைப் பார்த்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். போகும்போது இடப்பக்க ஜன்னல். கில்லிகிராங்கி பள்ளத்தாக்கில் பத்து வளைவுள்ள கல்பாலத்தையும் ஒரு சிறு சுரங்கத்தையும் ரயில் தாண்டும். கேரி ஆறு கீழே பள்ளத்தில் தெரிவது சில நொடிதான், போனை நோண்டிக்கொண்டிருந்தால் போச்சு.

நிலையத்திலிருந்து கோட்டைக்கு மரங்கள் அடர்ந்த, மேடில்லாத வழி, பத்துப் பதினைந்து நிமிடம். கோட்டையின் பழைய கோபுரம் 1269இல் தொடங்கியது. வெள்ளைப் பூச்சும் சிறு கோபுரங்களுமாக இன்று படத்தில் பார்ப்பது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேலை. நுழைந்ததும் சுவர் முழுக்கத் துப்பாக்கியும் கேடயமும் வாளும், நடனக் கூடத்தில் கூரை வரை மான்கொம்புகள். விக்டோரியா ராணி 1844இல் இங்கே தங்கினார். மறு ஆண்டே ஆதல் பிரபுவின் ஆட்களுக்குக் கொடி வழங்கினார். அந்தத் தனியார் படை இன்றைக்கும் இருக்கிறது, வருடத்தில் ஒருமுறை அணிவகுப்பும் உண்டு. மேல்மாடி அறைகளுக்குப் படி ஏறத்தான் வேண்டும். மனைவியின் முழங்கால் விஷயத்தை டிக்கெட் கவுண்டரிலேயே சொன்னால், எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்வார்கள். அவருக்கு அலுத்துப்போனால் வெளியே ஹெர்குலிஸ் தோட்டம் இருக்கிறது. மதில் சூழ்ந்த ஒன்பது ஏக்கர், நடுவே குளங்கள், உட்கார இடமும் உண்டு. கோட்டை குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், செப்டம்பரில் கவலையில்லை.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். பிளேர் ஆதல் விஸ்கி ஆலை பிளேர் ஆதல் ஊரில் இல்லை, பிட்லாக்ரியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓரெழுத்து வித்தியாசம் உண்டு, தமிழில் அதுவும் இல்லை. ஆலையைப் பார்க்கப் போகிறோம் என்று ரயிலேறி, கோட்டை வாசலில் நின்று விழிப்பவர்கள் உண்டு. குடிக்காதவர்களுக்கு ஆலைக்குப் பக்கத்துக் காட்டில் பிளாக் ஸ்பவுட் அருவி இருக்கிறது, 60 மீட்டர் உயரம். வழி மேடுதான், மகள் மட்டும் போய்வரட்டும்.

மூன்றாம் நாள் காலை அந்த ஒரு டாக்ஸி, குவீன்ஸ் வியூ பார்க்க. மேற்கே சுமார் 11 கிலோமீட்டர். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து காட்சி மேடை பக்கத்திலேயே இருப்பதால் முழங்காலுக்குத் தொல்லை இல்லை. கீழே டம்மல் ஏரி நீளமாகக் கிடக்கும், அதன் பின்னால் கூம்பு போல ஷிஹாலியன் மலை, 1083 மீட்டர். 1866இல் வந்த விக்டோரியா தன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு ஐந்நூறு ஆண்டுக்கும் முந்தைய ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் மனைவி இசபெல்லாவின் பெயர் அது என்பது ஊர் வழக்கு. மகள் அறிவியல் படிப்பவளாக இருந்தால் அந்தக் கூம்பைக் காட்டிச் சொல்லுங்கள்: 1774இல் வானியலாளர் நெவில் மாஸ்கலின் இந்த மலையின் இரு பக்கத்திலும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை தன் பக்கம் அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார். பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டது அந்த அளவிலிருந்துதான். மலையை இதற்குத் தேர்ந்தெடுக்கக் காரணமே அதன் சீரான வடிவம்.

டாக்ஸியை முந்தின நாளே பேசிவையுங்கள். காத்திருந்து திரும்பக் கூட்டிவரச் சேர்த்தே பேச வேண்டும், ஏனென்றால் ஏரிப் பக்கம் போன் சிக்னலை நம்பி இன்னொரு வண்டி கூப்பிட முடியாது. மேகம் ஷிஹாலியனை மூடியிருந்தால் அரைமணி பொறுங்கள், பெரும்பாலும் விலகும். அடைமழை என்றால் டாக்ஸியை ரத்து செய்துவிட்டுக் கடைத்தெருவிலேயே பொழுதைக் கழியுங்கள். வெள்ளைத் திரையைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம்.

விட வேண்டியவை: பென் வ்ராக்கி மலை, 841 மீட்டர், கடைசிப் பகுதி செங்குத்தான கற்படி, போய்வர நாலைந்து மணி நேரம். கில்லிகிராங்கியில் சோல்ஜர்ஸ் லீப். 1689 போரில் தோற்று ஓடிய சிப்பாய் ஒருவன் 5.5 மீட்டர் அகல ஆற்றை ஒரே தாவாகத் தாண்டினான் என்று சொல்லப்படும் பாறை அது. இறங்கும் வழி முழுக்கப் படி, ஏறும்போது முழங்கால் கேள்வி கேட்கும். டன்கெல்டுக்குப் பக்கத்து ஹெர்மிடேஜ் அருவியில் செப்டம்பர், அக்டோபரில் சால்மன் நிஜமாகவே துள்ளும். ஆசைதான், ஆனால் அந்த நிலையத்தில் பிளாட்ஃபாரம் தாழ்வு, ரயிலிலிருந்து காலை எட்டிவைத்து இறங்க வேண்டும். அங்கிருந்து நடையும் கூடுதல். பெட்டிகளோடு திரும்பும் நாளில் செய்யக்கூடிய வேலை இல்லை.

சாப்பாட்டில் கவனம் தேவை. ஸ்காட்லாந்தின் பருப்பு சூப்பைப் பார்த்தால் நம் வீட்டுப் பருப்பு போலவே இருக்கும், பல இடங்களில் பன்றிக்கால் வேகவைத்த சாற்றில்தான் செய்வார்கள். மீன்-சிப்ஸ் கடையில் உருளைக்கிழங்கு வறுவலையும் நம்பி வாங்காதீர்கள், மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் நிறைய. "எந்த எண்ணெய், என்ன ஸ்டாக்" என்று இரண்டு கேள்வி கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். ஹேகிஸ் என்பது ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஸ்காட்லாந்து உணவு, ஆனால் ஓட்ஸ், பருப்பு, பயறு சேர்த்த சைவ ஹேகிஸ் நன்றாகவே இருக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: சமையலறைகள் எட்டு, எட்டரைக்கே மூடிவிடும். ஏழு மணிக்கு மேசையில் இருங்கள், அல்லது சமையல் வசதியுள்ள தங்குமிடம் எடுங்கள். ஊரிலேயே சூப்பர்மார்க்கெட் இருக்கிறது.

பகலில் 15, 16 டிகிரி, இரவில் 7, 8. ஒரு தடித்த கோட்டைவிட, மெல்லிய இரண்டு அடுக்கும் மேலே மழைக்கோட்டும் மேல். குடை காற்றில் மடங்கும். மிட்ஜ் என்ற பொடிக்கொசு ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் உக்கிரம், செப்டம்பரில் குறையும். ஆனாலும் காற்றில்லாத ஈர மாலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்தால் மொய்க்கும். மெல்லக் காற்று வீசினாலே அதனால் பறக்க முடியாது, எனவே உட்கார அணையின் மேல்பக்கம் போல் காற்றோட்டமான இடம் பாருங்கள்.

மீதிச் சில்லறையில் ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிட்ட பவுண்டு நோட்டுகள் இருக்கும். லண்டனில் சில கடைகள் அவற்றை வாங்கத் தயங்கும், இந்தியாவில் மாற்றுவது அதைவிடச் சிரமம். எடின்பரோ விமான நிலையத்துக்கு முன்பே செலவழித்துவிடுங்கள், அல்லது மகளிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.