இருட்டில் ஒரு தோட்டக்கள்ளன் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். விடியுமுன் அப்பாவுடன் ரப்பர் பால்வெட்டுக்குப் போவேன், பகலில் கல்லூரி. சித்தப்பா வளைகுடாவிலிருந்து வந்தபோது ஒரு கேமராவும் பழைய 150-600 லென்ஸும் தந்தார். எங்கள் தோட்டத்துக்கு ஐப்பசியிலிருந்து ஒரு ஆறுமணிக் குருவி, அதாவது தோட்டக்கள்ளன், வருகிறது. சாயங்காலம் மொபைலில் அதன் குரலைப் போட்டு வரவழைத்து எடுத்தேன். 600 எம்எம், எஃப் 6.3, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 6400. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நாய்ஸ். ஐஎஸ்ஓவை 1600க்கு இறக்கி எடுத்து, கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன், இன்னும் மோசம். அப்புறம் ஒரு ஏஐ மென்பொருளில் போட்டதும் பளிச்சென்று ஆகிவிட்டது. இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன். ஆனால் வாட்ஸப் குழுவில் ஒருவர் "குருவிக்கு மேக்கப் போட்டாச்சா?" என்று கேட்கிறார். நாய்ஸ் எடுக்க எந்த மென்பொருள் நல்லது? எஃப் 4 லென்ஸ் வாங்கினால் தீருமா? பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மாற வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகன்

*

தம்பி,

எதை வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உனக்கு எழுதக் காரணம் நீ இணைத்த இரண்டு படங்கள். போன வாரம்தான் ஒரு நண்பர் புத்தளம் உப்பளத்தில் எடுத்த உள்ளான் படங்களைக் காட்டினார். மேகம் மூடிய மாலை, பறவை எங்கோ வரப்பின் அந்தக் கோடியில். ஆனாலும் படத்தில் இறகுகளை எண்ணிவிடலாம். அத்தனை தூரத்திலிருந்து இத்தனை இறகு எப்படி வந்தது என்றேன். "சாஃப்ட்வேர்" என்றார், ஏதோ ஊர்ப்பெயரைச் சொல்வதுபோல. அதிலிருந்து இதே யோசனைதான்.

முதலில் திட்டிவிடுகிறேன். அந்த மொபைல் குரல். தோட்டக்கள்ளன் வடக்கே குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து இங்கே வருகிறது. வந்து சேரும் களைப்பில் வீட்டு வராந்தாவிலும் குளியலறையிலும் புகுந்து உட்கார்ந்துவிடுகிற பறவை அது. வந்ததும் தனக்கென்று ஒரு துண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு, சருகைப் புரட்டி, பூச்சி தின்று, அங்கேயே பனிக்காலத்தை ஓட்டும். நீ போட்ட குரலுக்கு அதன் காதில் என்ன அர்த்தம் தெரியுமா? இன்னொருவன் உள்ளே நுழைந்துவிட்டான் என்று அர்த்தம். அடைவதற்கு முன் இரை தேட வேண்டிய கடைசி அரைமணி நேரத்தில், இல்லாத எதிரியைத் தேடி அதை அலைய விட்டிருக்கிறாய். தினமும் காலையும் மாலையும் தானாகவே கூப்பிடுகிற பறவைக்கு ஸ்பீக்கர் எதற்கு மக்கா? அந்த ஆப்பை இப்போதே அழித்துவிடு. மற்றதெல்லாம் பிறகு.

சரி, நாய்ஸ். இது வெளியிலிருந்து வந்து படத்தில் ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று எல்லாரும் நினைக்கிறார்கள், துடைத்தால் போய்விடுமாம். தோட்டத்தில் கவிழ்க்க மறந்த சிரட்டைகளை நீ பார்த்திருப்பாய். தூறல் விழத் தொடங்கிய முதல் நிமிடத்தில் ஒன்றில் ஐந்து சொட்டு கிடக்கும், அடுத்ததில் இரண்டு, பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மணிநேரம் அடித்துப் பெய்த பிறகு பார், எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரின் பிக்சல்களில் ஒளி விழுவதும் அப்படித்தான், துகள் துகளாக, ஒழுங்கில்லாமல். விழுந்தது கொஞ்சம் என்றால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு நடுவே உள்ள ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரிகிறது. நாலு மடங்கு ஒளி விழுந்தால்தான் படம் இரண்டு மடங்கு சுத்தமாகும். இந்தக் கணக்கை எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது.

ஐஎஸ்ஓ என்பது விழுந்ததைப் பெருக்கிக் காட்டுகிற எண், அவ்வளவுதான். நீ 1600க்கு இறக்கினாயே, சென்சாரில் கூடுதலாக ஒரு துளி ஒளியாவது விழுந்ததா? அதே 6.3 லென்ஸ் திறப்பு, அதே 1/500 வினாடி. கேமரா செய்ய வேண்டிய பெருக்கலைக் கம்ப்யூட்டரில் செய்தாய், கேமராவின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகியது. பழைய கேமராக்களில் இது நன்றாகவே தெரியும்.

அந்த 1/500ஐ யார் சொன்னார்கள்? பறக்கிற பறவைக்கு 1/2000 கூடக் கேட்கும். ஆனால் தோட்டக்கள்ளன் தத்தித் தத்தி வந்து நின்றதும் அப்படியே நிற்கும், குட்டை வால் மட்டும்தான் மேலும் கீழும் ஆடும். 1/60ல் எடு. லென்ஸுக்கு அடியில் மணல் நிறைத்த பையை வை, தரையோடு தரையாகப் படு, பர்ஸ்டில், விடாமல் தொடர்ந்து, ஒரு பத்துப் படம் அடி. ஒன்பது ஆடிப்போகட்டும், ஒன்று தேறும். 1/500க்கும் 1/60க்கும் எட்டு மடங்கு ஒளி வித்தியாசம். உன் 6400 அங்கேயே 800 ஆகிவிடும். நீ கேட்ட எஃப் 4 லென்ஸோ, 600 எம்எம்மில் பத்து லட்சத்துக்கு மேல் போகும். 6.3லிருந்து அதன் பெரிய திறப்பு தருகிற ஒளி ஆதாயம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மணல் எட்டு மடங்கு தருகிறது. இதற்குமேல் லென்ஸைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஃபுல் ஃபிரேம் வேண்டாம். அப்பா காசு அது.

இன்னொன்று உனக்கே தெரிந்திருக்க வேண்டும், ரப்பர்க்காரன் மகன் நீ. ஐப்பசி, கார்த்திகையில் மழை மேகம், மேலே அடர்ந்த இலை, கீழே பாதாள இருட்டு. அந்த இலை வழியாக வடிந்து வரும் வெளிச்சத்தில் பச்சைதான் அதிகம், சிவப்பு குறைவு. அதனால்தான் உன் படத்தில் வயிற்றுச் சிவப்பு மட்டும் அவ்வளவு பொரிந்து கிடக்கிறது. மார்கழி கடைசியிலிருந்து ரப்பர் இலையை உதிர்க்கும். தையில் கொப்பெல்லாம் மொட்டை, தரைவரை வெளிச்சம். குருவி அப்போதும் அங்கேதான் இருக்கும். பொறுக்க மாட்டாயா?

இப்போது மென்பொருள் செய்து தந்த அந்த இரண்டாவது படத்துக்கு வருகிறேன். என் தாய்மாமா எழுபதுகளில் நாகர்கோவிலில், மணிமேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தார். ஜன்னலோரம் சாய்ந்த மேசை, நடுவில் பால்கண்ணாடி, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து வெளிச்சத்தை மேலே திருப்புவார். நெகட்டிவைப் பால்கண்ணாடியில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார். முகச் சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும், அதைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் சுருக்கம் மறைந்துவிடும். கல்யாணத்துக்குக் காட்டுகிற படங்கள்தான் வருமானம். பருவைத் தொடுவார், மச்சத்தைத் தொட மாட்டார். முதலாளி ஏசுவார். மாமா காதில் வாங்க மாட்டார்.

ஒருமுறை கடலோரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கடலில் போனவர் திரும்பவில்லை. இருந்தது ஒரே ஒரு கல்யாணக் கும்பல் படம், அதில் அவர் முகம் ஒரு புளியங்கொட்டை அளவு. அதைப் பெரிதாக்கினால் முகத்தில் பொரிப்பொரியாக கிரெய்ன்தான் இருக்கிறது, கண் எது இமை எது என்று தெரியவில்லை. மச்சினன் முறைக்காரர் பணம் கட்டிவிட்டார், முதலாளி வரையச் சொல்லிவிட்டார். மாமா கண்ணை வரைந்து, மீசையைத் திருத்தி, கன்னத்தை மெழுகினார். அந்த அம்மா வந்து பார்த்தாராம். "ஆளு வடிவாத்தான் இருக்கு. இது எங்க ஆளு இல்ல." மாமா எழுந்துபோய், தொடாத பிரிண்டை எடுத்து வந்து காட்டியிருக்கிறார். வீட்டுச் சுவரில் மாட்டியது என்னவோ வரைந்த படத்தைத்தான், காசு கொடுத்தாயிற்றே. மற்றதையும் அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம்.

உன் மென்பொருளும் அதையேதான் செய்கிறது. மாமாவுக்காவது தான் வரைகிறோம் என்று தெரியும். அது பல்லாயிரம் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. ஒளி வந்து சேராத இடத்தில், இறகு பொதுவாக எப்படி இருக்குமோ அப்படி ஒன்றை வைத்து நிரப்பிவிடுகிறது. உன் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் தோள் நீலத்துக்குக் கீழே வெறும் மங்கல். இரண்டாவதில் அங்கே வரிசையாக இறகுக் கீற்றுகள், ஒவ்வொன்றுக்கும் விளிம்பு வேறு. எங்கிருந்து வந்தன? உன் தோட்டத்துக் குருவியிடமிருந்து வரவில்லை.

அதனால் என்ன, அழகாக இருக்கிறதே என்பாய். தோட்டக்கள்ளனில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அதை யாரும் வேறு பறவையாக எண்ணப்போவதில்லை. ஆனால் இந்தப் பழக்கத்தோடு நீ நாளைக்கு மணக்குடிக் கழிமுகத்துக்குப் போவாய். கொசு உள்ளானையும் அதன் நெருங்கிய சொந்தக்காரர்களையும் பிரித்தறிய இறகின் விளிம்பு நிறத்தையும் பார்க்க வேண்டும். கீரிப்பாறைக் காட்டுக்குப் போனால், இலைகளுக்குள் துள்ளும் கதிர்க்குருவிகளில் சிலவற்றுக்குச் சிறகில் மெல்லிய ஒரு வெளிர்க்கோடு உண்டா இல்லையா என்பதே பேச்சு. அந்தக் கோட்டை மென்பொருள் நாய்ஸ் என்று துடைத்துவிட்டால்? இல்லாத கோட்டைப் போட்டுவிட்டால்? 1933ல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுத்தபோது நம் ஊரும் அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. அன்றைக்குச் சான்று என்றால் சுட்டுப் பாடம் செய்து சீட்டுக் கட்டி வைத்த பறவை. அந்தக் கொலை இன்று தேவைப்படவில்லை, படமே சான்று. அந்தப் படத்தில் நீ வரைந்து வைத்தால் பட்டியலில் பொய்தான் ஏறும். புள்ளி விழுந்த படத்தை நம்பலாம், தெரிந்தது இவ்வளவுதான் என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. காட்டுயிர் எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் ஒட்டுப்போட்டு உருவாக்கிய கேமராவில் கருப்பு வெள்ளையில் எடுத்தார். அந்த கிரெய்னைப் பார்த்து யாரும் முகம் சுளித்ததாக நான் கேட்டதில்லை.

எதையுமே தொடக்கூடாது என்று சொல்லவில்லை. சிவப்பும் பச்சையுமாகத் தெறிக்கிற நிறப்புள்ளிகளைத் தாராளமாக எடு, இறகுக்குப் பெரிய சேதம் வராது. நிறமில்லாத வெளிச்சப் புள்ளிகளில்தான் கை நடுங்க வேண்டும், அங்கே கொஞ்சம் கூடினாலும் இறகெல்லாம் மெழுகிப் போகும். பின்னணியில் கூட்டிக்கொள், பறவைமேல் குறை. அப்புறம் 6000 பிக்சல் அகலப் படத்தை 2000க்குச் சுருக்கிப் போடு. ஒன்பது பிக்சல் ஒன்றாகக் கலப்பதால் நாய்ஸ் மூன்றில் ஒன்றாகத் தானே இறங்கிவிடும். நீயோ பாதிக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பெரிதாக்கி, அதற்கும் மேலே திரையில் இழுத்துப் பார்த்து அழுகிறாய்.

மென்பொருள் பெயர் கேட்டிருந்தாய். கேமரா கம்பெனியே இலவசமாகத் தருவது போதும். கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ. உன்னுடையது எது என்று நீ எழுதவில்லை. தையில் எடுத்ததை அனுப்பு. கேமரா பதிந்த மூலக்கோப்பான ரா ஃபைலாகவே அனுப்பு, வாட்ஸப்பில் படமாகப் போட்டால் நசுக்கிவிடும். டிரைவில் போட்டு லிங்க் தா.